அடுத்த வீட்டுக் கரண்ட்

சாயங்காலம் நாலு மணி பத்து நிமிடத்துக்கு எங்கள் வீட்டு மிக்சி நின்றது. நேரம் எனக்கு நிச்சயமாகத் தெரியும். அன்று மத்தியானத்திலிருந்தே ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுண்டலுக்கான தேங்காயும் பச்சைமிளகாயும் பாதிதான் அரைந்திருந்தன. என் கணவர் மிக்சி மூடியை அழுத்திப் பிடித்தபடி, தான் ஏதோ தப்பு செய்துவிட்டதுபோல என்னைப் பார்த்தார். தலைக்கு மேலே மின்விசிறி சோம்பலாக இரண்டு சுற்று சுற்றி நின்றது. கூடத்தில் கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மகள், "அம்மா, என் கொலுத் தெருவிளக்கெல்லாம் போயிடுத்து" என்றாள்.

ஆறு மணிக்கு அவளுடைய வகுப்பிலிருந்து ஏழு பெண்கள் வருவதாக இருந்தது.

அந்த ஏழு பேரைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் அன்று செய்த முட்டாள்தனம் யாருக்கும் புரியாது. மகளுக்குப் பதினொரு வயது. ஜூனில் பள்ளி மாற்றினோம். முதல் இரண்டு மாதம் அவள் தனியாக உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். அவளாக அதைச் சொல்லவில்லை. பழைய பள்ளியிலிருந்து வந்தால் பையைக் கழற்றுவதற்கு முன்பே பேச ஆரம்பிப்பவள், இப்போது கை கால் கழுவிவிட்டு நேரே புத்தகத்தை எடுத்தாள். நான் ஆபீசில் உட்கார்ந்துகொண்டு பன்னிரண்டரை மணி ஆனால் அவள் டப்பாவைத் திறக்கும் காட்சியை நினைத்துக்கொள்வேன். ஓணம் விடுமுறைக்குப் பிறகு பேச்சில் ஒரு பெண் வந்தாள், பிறகு மூன்று பேர். நவராத்திரிக்குள் ஏழு பேர் ஆகிவிட்டார்கள். ஒருத்தியும் கொலு பார்த்ததில்லை. சனிக்கிழமை ஆறு மணிக்கு வாருங்கள், நம் ஊர்க் கரமனை ஆற்றைச் செய்து வைத்திருக்கிறேன், கரையெல்லாம் விளக்கு எரியும் என்று அவள் மலையாளத்தில் போனில் சொன்னதைச் சமையலறையிலிருந்து கேட்டேன். அவள் குரலில் அந்தப் பழைய வேகம் இருந்தது.

எல்லா வீடுகளிலும் கொலுவுக்குப் பக்கத்தில் பார்க் வைப்பார்கள். இவள் பார்க் வேண்டாம், ஆறு போதும் என்றுவிட்டாள். பழைய இரும்புப் பீரோவின் தட்டு ஒன்றைத் தரையில் போட்டு, அதன்மேல் இரண்டு வாளி மணலைக் கொட்டினாள். நடுவில் நீல பாலிதீன் விரித்து ஆறு, அட்டைப் பாலம், பாலத்தின்மேல் ஒரு சிவப்பு பஸ். கரையில் கடுகும் வெந்தயமும் கேழ்வரகும் விதைத்துப் பச்சை கிளப்பியிருந்தாள். தெருவிளக்குகள்தான் அவளுடைய பெருமை. சீரியல் விளக்கின் ஒயரை மணலுக்குள் புதைத்து, ஒவ்வொரு பல்பையும் ஒரு காகித ஸ்ட்ராவுக்குள் நுழைத்து மேலே எடுத்திருந்தாள். பதினெட்டு விளக்கு. பகலிலேயே அழகாக இருந்தது.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நான் இன்சூரன்ஸ் ஆபீசில் கிளெய்ம் பிரிவில் இருக்கிறேன். ஊரில் நடக்கும் விபத்துகள் எல்லாம் ஒரு வாரத்தில் பைலாக என் மேஜைக்கு வந்துவிடும். "ஈரக் கையுடன் தொட்டபோது" என்ற வாக்கியத்தை நான் படித்திருக்கிற அளவுக்கு வேறு எதையும் படித்ததில்லை. அதனால் இரண்டு வருடத்துக்கு முன்னால் வீட்டுக்குப் புது ஒயரிங் செய்தபோது, முதலில் ஈஎல்சிபி வை என்று பிடிவாதம் பிடித்தேன். கரண்ட் போக வேண்டிய கம்பியை விட்டு, சுவர் வழியாகவோ ஆள் வழியாகவோ பூமிக்குள் கசிந்தால், கண்ணிமைப்பதற்குள் தானே அணைந்துவிடும் பெட்டி அது. பிளக்குக்கு மட்டும் போதுமா, லைட்டுக்கும் வேண்டுமா என்று எலெக்ட்ரீஷியன் கேட்டார். எல்லாம் அதற்குள்ளேதான் வர வேண்டும் என்றேன். ஒன்று கசிந்தால் வீடே அணையும். "நம்மாத்துலே யாராவது பலமா தும்மினா கரண்ட் போயிடும்" என்று என் கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

ஆக, நாலு பத்துக்கு வாசல்பக்கம் போய்ப் பார்த்தேன். ஈஎல்சிபியின் கருப்புக் கொக்கி கீழே விழுந்திருந்தது. தூக்கிவிட்டேன். விளக்கு வந்தது, விசிறி வந்தது, மிக்சி தானாக ஓட ஆரம்பித்து என் கணவரைப் பயமுறுத்தியது. கால் மணி நேரத்தில் மறுபடியும் டக்.

நான் மிக்சியைச் சந்தேகப்பட்டேன். அவர் பிரிட்ஜைச் சந்தேகப்பட்டார். இரண்டையும் பிடுங்கினோம். தேங்காயை அம்மியில் அரைக்கிறேன் என்று கிளம்பி, அம்மி எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். ஈஎல்சிபி மறுபடி விழுந்தது. கீசர், மோட்டார், மகளுடைய மேஜை விளக்கு, சார்ஜர்கள் என்று ஒவ்வொன்றாகக் கழற்றினோம். கடைசியில் சுவரில் மிச்சமிருந்தது கொலுவின் பிளக் ஒன்றுதான். அதைப் பிடுங்கினால் ஈஎல்சிபி நின்றது. செருகினால், மகள் கடுகுச் செடிக்குத் தண்ணீர் தெளித்த சற்று நேரத்தில், விழுந்தது.

இதைவிடத் தெளிவாக ஒரு பெட்டியால் பேச முடியாது. அப்படி ஒரு விஷயத்தைப் பைலில் படித்திருந்தால் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டிருப்பேன். ஆனால் மணி ஐந்து அடித்திருந்தது. மகள் எரியாத பதினெட்டு ஸ்ட்ராக்களையும் நேராக நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள். "ஈஎல்சிபிதான் கேடாயிடுத்து. ரொம்பத் தொட்டாச்சிணுங்கியா போயிடுத்து" என்றேன். என் கணவர் உடனே ஒத்துக்கொண்டார். அவர் என்னோடு அவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போவது வழக்கமில்லை. அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும்.

எலெக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தேன். நாற்பது வயதிருக்கும், எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். அவருக்கு நாங்கள் எல்லோரும் சேச்சி, அதாவது அக்கா.

"இதா எத்தியாச்சு, வந்துட்டேன் சேச்சி. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கேன்."

பதினைந்து நிமிடம் கழித்து மறுபடியும் செய்தேன்.

"பாலத்துமேல பிளாக்கு சேச்சி, ஒரு வண்டியும் நகரல."

"அண்ணா, நீங்க பைக்குலேதானே வரேள்?"

"பைக்குக்கும் பிளாக்கு உண்டு."

எங்கள் தெருவில் வீடுகளுக்கு நடுவே இடைவெளி கிடையாது. சுவர் பொது. முற்றத்துச் சுவர் மட்டும் தோளுயரம்தான் இருக்கும். அதன் மேலாகக் கறிவேப்பிலையும் தயிருக்கு உறையும் போய் வரும். நான் போனில் பேசியதை அந்தப் பக்கம் இருந்த மாமி கேட்டிருக்கிறாள். அறுபத்தைந்து வயது, தனியாக இருக்கிறாள். அவள் தலை சுவருக்கு மேலே வந்தது.

"எந்தாக்கும் பிரச்சனை?"

சொன்னேன்.

"லைட்டுக்கு எதுக்குடீ அந்தப் பெட்டி? மிக்சின்னா தொடுவோம், அயர்ன்பாக்ஸுன்னா தொடுவோம். லைட்டை யாரு தொடறா?"

"கசிஞ்சா நின்னுடும் மாமி, அதான்."

"எங்காத்துலே அதொண்ணும் கெடையாது. கரண்ட் வரும், ஆபீஸ்காரன் நிறுத்தினா போகும், அவ்வளவுதான். ஒரு ஒயரைப் போடு. எங்காத்துக் கரண்டை எடுத்துக்கோ. கொழந்தையோட சிநேகிதிகள் வரச்சே இருட்டா இருக்கப்பட்டாது, கேட்டியா?"

மாமி அதைச் சொன்ன விதம், ஒரு கரண்டி உறை மோர் தருவதைப்போல இருந்தது. நானும் கிண்ணத்தை நீட்டுவதைப்போல எக்ஸ்டென்ஷன் ஒயரை நீட்டினேன். ஒவ்வொரு தடவையும் வீட்டை அணைத்து, இங்கே கசிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரே சாமானைத் தள்ளிவைத்துவிட்டு, எதையுமே சொல்லத் தெரியாத ஒரு வீட்டிலிருந்து கரண்ட் வாங்கினேன். தெருவிலேயே அதிகம் பயப்படுகிறவள் நான்தான். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மகள் முகத்தைப் பார்த்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன், சுவரைத் தாண்டி ஒயரைப் போட்டேன்.

மாமி அந்தப் பக்கம் சுவிட்சைப் போட்டாள். பதினெட்டு விளக்கும் எரிந்தன. ஐந்து நிமிடம் பார்த்தோம், பத்து நிமிடம் பார்த்தோம், ஒன்றும் அணையவில்லை. ஆற்றங்கரையில் மஞ்சள் வெளிச்சம் பாலிதீன் தண்ணீரில் விழுந்து நடுங்கியது. என் கணவர் பஸ்ஸைச் சற்றுத் திருப்பி வைத்து, "இந்த பஸ் மட்டும்தான் கரமனையிலே டயத்துக்கு வர்றது" என்றார். மகள் சிரித்தாள். நான் நிம்மதியாகச் சமையலறைக்குப் போய்ச் சுண்டலைத் தாளித்தேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு நிம்மதியாக இருந்த வேளைகள் குறைவு.

ஐந்தே முக்கால் இருக்கும். மகள் மறுபடி தண்ணீர் தெளிக்க உட்கார்ந்தாள். பாவாடை ஈரமாகக் கூடாதென்று, பூஜைக்கு உட்காரும் பலகையை இழுத்துப் போட்டு அதன்மேல் குந்தியிருந்தாள். நான் சுண்டல் பாத்திரத்தோடு கூடத்துக்கு வந்தபோது அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மண்ணு கடிக்கறது" என்றாள்.

எறும்பா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. பாத்திரத்தை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது. பிறகு அது ஷோகேஸ் மேல் இருந்தது. "கையை எடு" என்றேன். எடுத்துத்தான் வைத்திருந்தாள். "கையைக் கட்டிக்கோ. பலகையை விட்டு இறங்காதே. எதையும் தொடாதே." என் குரல் ஆபீசில் பேசுகிற குரல்போல அமைதியாக இருந்தது. அது எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை.

அணைக்க வேண்டும். ஆனால் எதை? எக்ஸ்டென்ஷன் பெட்டி கொலுப்படிக்குப் பின்னால், வேட்டிக்கு அடியில், தட்டிலிருந்து வழிந்த ஈரத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. அங்கே கைவிட எனக்குத் தைரியம் இல்லை. எங்கள் ஈஎல்சிபியை அணைத்துப் பிரயோஜனம் இல்லை. இது அதன் கரண்டே இல்லை. சுவிட்ச் இன்னொருத்தர் வீட்டில் இருந்தது.

"கிட்டே போகாதீங்கோ" என்று கணவரிடம் கத்திவிட்டு வாசலுக்கு ஓடினேன். எங்கள் வாசலிலிருந்து மாமி வாசலுக்குப் பத்தடி. கதவு தாழிட்டிருந்தது. உள்ளே டிவி. இரண்டு கையாலும் தட்டினேன். மாமி மெதுவாக வந்து, என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "வெத்தலைபாக்கு வாங்கிக்க வந்தியா? இப்படியா வருவா, தலையை வாரிண்டு வரப்பட்டாதோ?" என்றாள். அவளைத் தாண்டி உள்ளே ஓடி, முற்றத்துப் பக்கம் இருந்த பிளக்கைப் பிடுங்கினேன். பிடுங்கிய பிளக்கை அங்கேயே போட்டுவிட்டுத் திரும்ப ஓடி வந்தேன். மாமியும் பின்னாலேயே, கையில் குங்குமச் சிமிழோடு.

மகள் பலகைமேல் கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்றிருந்தாள், கொலுவில் ஒரு பொம்மை அதிகம்போல.

"எறங்கலாமா?" என்றாள்.

அவளைத் தூக்கிக்கொண்டேன். பதினொரு வயதுப் பெண்ணைத் தூக்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது, பத்து நாள் வலித்தது. விரலில் ஒன்றும் இல்லை. காய்ந்த மரப்பலகைமேல் இருந்ததால்தான் கடியோடு போயிற்று, வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்றிருந்தால் வேறு கதை என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்ததை யாரிடமும் சொல்லவில்லை. இன்றும் தொட்டிச் செடிக்கு மண் அணைக்கும்போது என் விரல் தானாகப் பின்வாங்குகிறது. நர்சரிக்காரர் ஒரு தடவை, மண்புழுவுக்குப் பயமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"மாமி, நம்ம கரண்ட் கொழந்தையைத் தொட்டுடுத்து" என்று என் கணவர்தான் அவளிடம் சொன்னார். மாமி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். லைட்டை யாரு தொடறா என்று அவள் அதற்குப் பிறகு யாரிடமும் கேட்டு நான் கேட்கவில்லை.

வாசலில் மணி அடித்தது. ஏழு பேரும் ஒரே நேரத்தில் வந்திருந்தார்கள், இரண்டு ஆட்டோவில்.

நான் மகளைப் பார்த்தேன். ஆறு இருட்டாக இருந்தது. ஸ்ட்ராக்கள் வெறும் ஸ்ட்ராக்களாக நின்றன. நம்ம கரண்ட் சதி செய்துவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று நானே சொல்லலாமா, எந்தப் பாஷையில் சொல்லலாம் என்று தடுமாறிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவள் விரலை உயர்த்திக் காட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

"எனிக்கு ஷாக்கடிச்சு" என்றாள்.

இதைவிட நல்ல வரவேற்பு எந்தக் கொலுவிலும் நடந்திருக்காது. ஏழு பேரும் அந்த விரலைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி முகர்ந்துகூடப் பார்த்தாள். பிறகு மண் எங்கே கடித்தது, பலகை எது, அம்மா எப்படி ஓடினார்கள் என்று எல்லாவற்றையும் இடத்தோடு காட்டச் சொன்னார்கள். என்னுடைய ஓட்டத்தை மகள் நடித்துக் காட்டினாள். மாமி கதவைத் திறந்த கட்டத்தை என் கணவர் நடித்தார். மாமிகூடச் சிரித்தாள். பிறகு ஈஎல்சிபியைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அதில் 'டி' என்று எழுதிய சின்னப் பொத்தான் ஒன்று உண்டு. அழுத்தினால், பெட்டி வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். மகள் அழுத்தினாள். டக். வீடு இருண்டது. ஏழு பேரும் சந்தோஷமாக அலறினார்கள். தூக்கிவிட்டாள், வெளிச்சம். அடுத்து என் முறை, என் முறை என்று வரிசை நின்றது. பிரிட்ஜுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று மூன்றாவது ஆளோடு நிறுத்தினேன்.

கண்ணாடி போட்ட ஒரு பெண் என்னிடம் வந்தாள். "ஆண்ட்டீ, ஞங்ஙளுடெ வீட்டிலும் இது உண்டு. பக்ஷே ஆரும் ஞெக்கி நோக்கியிட்டில்ல" என்றாள். அவர்கள் வீட்டிலும் அந்தப் பொத்தான் இருக்கிறது, ஒருவரும் அழுத்திப் பார்த்ததில்லை. என் போனை வாங்கி அங்கேயே நின்று அவளுடைய அப்பாவைக் கூப்பிட்டு, இப்போதே போய் அழுத்துங்கள் என்றாள். அவர் அழுத்தியிருக்கிறார். ஒன்றும் நடக்கவில்லையாம். "மாற்றணும் அச்சா" என்று அவள் கண்டிப்பாகச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கொலுவை அவர்கள் குத்துவிளக்கு வெளிச்சத்திலும் டியூப்லைட் வெளிச்சத்திலும் பார்த்தார்கள். தெருவிளக்கு எரியாததைப் பற்றி ஒருத்தி கேட்டாள். கரமனையில் இது சாதாரணம் என்றாள் இன்னொருத்தி. சுண்டலில் தேங்காய் முக்கால்வாசி துண்டாகவே இருந்தது. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்திருக்க, நடுவில் என் மகள் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தாள். ஈரத் தட்டிலிருந்து அவர்களை நாலடி தள்ளி உட்காரவைத்திருந்தேன். யாராவது காலை நீட்டினால் நான் எழுந்து எழுந்து பார்த்தேன்.

ஏழேகால் மணிக்குக் கடைசி ஆட்டோ போனபிறகு, பைக் சத்தம் கேட்டது. அண்ணன் வந்தார். பாலத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நடந்ததைச் சொன்னேன், சுவர் தாண்டி ஒயர் போட்டது உட்பட. அந்த இடத்தை விழுங்கிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மாமி பக்கத்திலேயே நின்றதால் முடியவில்லை.

அவர் குந்தி உட்கார்ந்து மணலுக்குள்ளிருந்து ஒயரை மெல்ல உருவினார். பாலத்துக்குக் கீழே ஒரு இடத்தில் ஒயர் ஒட்டுப் போட்டிருந்தது. போன வருடம் எலி கடித்ததை என் கணவர் முறுக்கிச் சேர்த்து, கைக்குக் கிடைத்த பிளாஸ்திரியைச் சுற்றியிருக்கிறார். காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி. அது தண்ணீரில் ஊறி, பிரிந்து, செம்புக் கம்பி வெளியே தெரிந்தது. என் கணவர் அதையும் என்னையும் பார்க்காமல் விட்டத்தைப் பார்த்தார்.

"நாங்க ஈஎல்சிபி கேடுன்னு நெனச்சோம் அண்ணா" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான் நெனப்பாங்க சேச்சி." அவர் வாசல்பக்கம் போய்ப் பொத்தானை அழுத்தினார். அணைந்தது. தூக்கிவிட்டார். "லைட்டுக்கு வேற, பிளக்குக்கு வேறன்னு ரெண்டா வெச்சுத் தரேன். அப்போ ஒண்ணு விழுந்தாலும் வீடு இருட்டாகாது, உங்களுக்கும் அவசரம் வராது. அதை மெதுவாப் பண்ணினாப் போதும்."

பிறகு சுவருக்கு மேலே எட்டி, மாமி வீட்டு முற்றத்தில் தொங்கிக்கொண்டிருந்த எங்கள் ஒயரைச் சுருட்டி எடுத்தார். அந்தப் பக்கத்துச் சுவரில் இருந்த பழைய கருப்பு சுவிட்சுகளைச் சற்று நேரம் பார்த்தார். திரும்பி, என்னிடம் இல்லை, குங்குமச் சிமிழோடு நின்ற மாமியிடம் சொன்னார்:

"நாளைக்குக் காலையிலே எட்டு மணிக்கு வரேன் மாமி. ஆத்யம் உங்க வீடு, அப்புறம்தான் சேச்சி வீடு. அதுவரைக்கும் ஈரக் கையோட ஒண்ணையும் தொட வேண்டாம்."